கையில் ஒரு நூல், காதில் ஒரு நூல்!

தமிழை ஆக்கியவர்களுக்குத் தையல் வேலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசியில் கோக்கிற பொருளுக்கும் அலமாரியில் அடுக்குகிற பொருளுக்கும் ‘நூல்’ என்று ஒரே பெயரை வைத்திருப்பார்களா? நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். சொல்தான் பஞ்சாம், செய்யுள்தான் இழையாம், வாய்தான் கையாம், அறிவுதான் கதிராம். புலவனை யாருக்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? நூல் நூற்கும் பெண்ணுக்கு! இலக்கணம் எழுதிய முனிவரே நம் பக்கம் இருக்கும்போது, ஒரு கையில் ஊசியும் மறு கையில் புத்தகமுமாக உட்கார நாம் ஏன் கூச வேண்டும்?

“அப்படி உட்கார்ந்தால் தைப்பது எந்தக் கையால்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். கைக்கு வேலை இருந்தால் புத்தகத்தைக் காதுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இது ஒன்றும் நூதனமான யோசனை அல்ல. கியூபா தேசத்தில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்கள் 1865-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாரும் கையால் சுருட்டுச் சுற்றுவார்கள். உயரமான ஆசனத்தில் ஒருவர் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். படிப்பவருக்குத் தொழிலாளர்களே காசு போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரா வாரம் வந்துகொண்டிருந்தபோது, ஒருவர் படிக்க மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்ட வீடுகள் எத்தனை! என் பாட்டி வீடும் அவற்றில் ஒன்று. பாட்டிக்கு வந்தியத்தேவனைத் தெரியும். அவனை அச்சில் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடத்தில் பாய் விரிப்பேன். பழைய நூல் புடவைகளை அடுக்கிப் போர்வை தைப்பது என் பொழுதுபோக்கு. வாசிப்பது என் வீட்டுக்காரர். வர்ணனை வந்தால் இரண்டு பக்கம் தாண்டிவிடுவார். கொலை வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவர் கண்ணயர்ந்துவிட்டால் கைபேசி வாசிக்கும். சபையில் மேலும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் மணி, தெருவில் பிறந்து எங்கள் வாசலில் வளர்ந்த பத்து வயதுப் பெரியவர். இன்னொருவள் ஜூலி, எட்டு மாதக் குட்டி. புடவையை விரித்த மறு நிமிஷம் மணி அதன் நட்டநடுவில் வந்து படுத்துவிடுவார். ஜூலிக்கு நூல்கண்டு என்றால் உயிர்.

இந்தச் சபையில் சமீபத்தில் வாசிக்கப்பட்ட ஐந்து புத்தகங்களைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். திட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஆனால் ஐந்திலும் ஒரு போர்வையாவது ஒரு நாயாவது வந்து நின்றது. வீட்டில் எல்லாரும் அற்பம் என்று தள்ளுகிற பொருள்களை இந்த ஐந்து பேரும் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

சாட்சி சொன்ன தையல்

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1917-ல் எழுதிய ‘எ ஜூரி ஆஃப் ஹர் பியர்ஸ்’ என்ற சிறுகதை. இதையே முந்தின வருஷம் ‘ட்ரைஃபிள்ஸ்’, அதாவது ‘அற்பங்கள்’ என்ற பெயரில் நாடகமாக எழுதியிருந்தார். இளவயதில் அயோவா மாநிலத்தில் அவர் பத்திரிகை நிருபராக இருந்தார். அப்போது ஒரு குடியானவர் கொலையுண்டு, அவருடைய மனைவி மீது வழக்கு நடந்தது. அந்த வழக்கைப் பற்றி எழுதப் போனவர் மனத்தில் விழுந்த விதை இது.

கதையில் ஒரு பண்ணை வீடு. எஜமானர் கழுத்தில் கயிற்றோடு செத்துக் கிடந்தார். மனைவி சிறையில் இருக்கிறாள். ஷெரீபும் வக்கீலும் துப்புத் தேடி மாடியிலும் தொழுவத்திலும் ஏறி இறங்குகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் சமையலறையில் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கூடையில் பாதி தைத்த போர்வைத் துண்டுகள் இருக்கின்றன. எல்லாத் துண்டிலும் தையல் முத்து முத்தாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் கோணலும் மாணலுமாக ஓடுகிறது. தைத்தவள் கை ஏன் நடுங்கியது? படித்த ஆண்கள் வீடு முழுவதும் தேடியும் கிடைக்காத விடை இந்தக் கோணல் தையலில் கிடைத்துவிடுகிறது!

பெண்களில் ஒருத்தி அந்தத் தையலைப் பிரித்து நேராகத் தைக்க ஆரம்பிக்கிறாள். ஏன் அப்படிச் செய்தாள், கூடையின் அடியில் இன்னும் என்ன இருந்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். தலைப்பின் பொருளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அந்த மாநிலத்தில் பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது. சமையலறையில் நின்ற இரண்டு பெண்கள்தான் இந்தக் கதையின் ஜூரி. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் கதை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மாட்டுவதா, போர்த்துவதா?

இரண்டாவது, ஆலிஸ் வாக்கர் 1973-ல் வெளியிட்ட ‘எவ்ரிடே யூஸ்’. ஒரு கறுப்பினத் தாய்க்கு இரண்டு பெண்கள். மூத்தவள் டீ படித்துப் பட்டணத்துக்குப் போனவள். இளையவள் மேகி தீ விபத்தில் தழும்பு பட்டு, தாயோடு கிராமத்தில் தங்கியவள். வீட்டில் பாட்டி தைத்த போர்வைகள் இருக்கின்றன. பாட்டி ஐம்பது வருஷத்துக்கு முன் உடுத்திய ஆடையும், தாத்தாவின் சட்டையும், உள்நாட்டுப் போரில் ஒரு முன்னோர் போட்டிருந்த சீருடையின் குட்டித் துண்டும் அதில் இருக்கின்றன. கல்லூரிக்குப் போகும்போது “பழங்காலத்துச் சாமான்” என்று ஒதுக்கிய டீ, இப்போது வந்து போர்வைகளைக் கேட்கிறாள், சுவரில் மாட்டுவதற்கு! மேகியிடம் கொடுத்தால் தினமும் போர்த்திக் கிழித்துவிடுவாளாம். கிழிந்தால் என்ன? மேகிக்குத் தைக்கத் தெரியும், இன்னொன்று தைத்துக்கொள்வாள். இதுதான் தாயின் எண்ணம்.

சுவரில் மாட்டுவதும் பாவமில்லை. அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் ‘ஜீஸ் பெண்ட்’ என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க் கறுப்பினப் பெண்கள் கிழிந்த கால்சட்டையிலும் வேலைச் சட்டையிலும் குளிருக்காகத் தைத்த போர்வைகளை 2002-ல் நியூயார்க் விட்னி மியூசியம் சித்திரங்களைப் போல மாட்டி வைத்தது. 2006-ல் அவை தபால் தலையிலும் ஏறின. ஆனால் அவை முதலில் போர்த்தப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கையே தீர்த்து வைத்தது. அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய நூல் புடவைகள் பதினொன்று ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. “அம்மா கட்டினதை யாரும் கத்திரிக்கோலால் தொடக் கூடாது” என்பது திருச்சியில் இருக்கும் அக்காவின் கட்சி. வருஷத்துக்கு ஒரு தடவை நிழலில் உலர்த்தி மடித்து வைத்தோம். அப்படியும் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போக ஆரம்பித்துவிட்டது. பெட்டிக்குள் வைத்தாலும் துணி கிழியத்தான் செய்கிறது; யாருக்கும் குளிரைப் போக்காமல் கிழிகிறது, அவ்வளவுதான்!

ஒரு ராத்திரி அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, டீயையும் மேகியையும் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் அவள் பேசவில்லை.

“அந்த அரக்குச் சுங்கடியை மட்டும் எனக்கு வச்சிடு. அதை வெட்டாதே” என்றாள் கடைசியில்.

“மத்ததை?”

“தை. எனக்கும் ஒண்ணு தைச்சு அனுப்பு. ஆனா உன் நாய் அதிலே படுக்கக் கூடாது, ஆமாம்!”

பெட்டியைத் திறந்து பிரித்தபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு புடவையிலும் முந்தானையின் ஒரு மூலை மட்டும் அதிகமாக நைந்திருந்தது. காசு முடிந்து முடிந்து வந்த நைவு. எங்கள் பள்ளிக்கூடச் சம்பளமும் அப்பாவின் மருந்துச் செலவும் அந்த மூலையிலிருந்துதான் அவிழ்ந்தன. அந்த மூலைகளை வெட்டி எறிய மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் போர்வையின் நடுவில் ஒரு பூவாகத் தைத்தேன்.

வங்கத்துக் கந்தை

மூன்றாவது புத்தகம் பக்கத்து மண்ணிலிருந்து வருகிறது. வங்காளத்தில் நைந்த புடவைகளையும் வேஷ்டிகளையும் அடுக்கி, பழைய புடவைக் கரையிலிருந்தே வர்ண நூலை உருவி, ஓட்டுத் தையலால் படம் எழுதுவார்கள். அதற்குப் பெயர் ‘காந்தா’. நம் ‘கந்தை’க்கு அது உறவுச் சொல். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். வங்கத்துப் பெண்கள் கந்தையிலே காவியம் தைத்துவிட்டார்கள்.

காவியம் என்று சும்மா சொல்லவில்லை. கிராமியக் கவி என்று புகழ் பெற்ற ஜசீமுத்தீன் 1929-ல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற கதைப் பாட்டுக்கு உயிரே ஒரு போர்வைதான். ரூபாய் என்ற வாலிபனும் ஸாஜு என்ற பெண்ணும் ஆசைப்பட்டு மணந்துகொள்கிறார்கள். நெல் அறுப்புத் தகராறில் கைகலப்பு மூண்டு, ரூபாய் ஊரை விட்டு ஓடும்படி ஆகிறது. ஸாஜு காத்திருக்கிறாள். எழுதத் தெரியாதவள் என்ன செய்வாள்? தன் வாழ்க்கையைப் போர்வையில் தைக்கிறாள். கல்யாணமும் வருகிறது, வீடும் வருகிறது, பிரிவும் வருகிறது. தான் இறந்தால் அதைத் தன் கல்லறை மேல் விரிக்கும்படி சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். பிறகு ஒரு நாள் அந்தக் கல்லறையருகே ஊரார் யாரைக் கண்டார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1939-ல் இது ஆங்கிலத்தில் வந்தது. என் வீட்டுக்காரர் இதில் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. கடைசிப் பகுதிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

மூக்கால் எழுதிய சரித்திரம்

அழுதது போதும், சிரிக்கலாம் வாருங்கள். நான்காவது, வர்ஜீனியா வுல்ஃப் 1933-ல் எழுதிய ‘ஃப்ளஷ்’. ஒரு நாயின் வாழ்க்கை வரலாறு! கவிஞர் எலிஸபெத் பாரெட் லண்டனில் விம்போல் தெருவில் நோயாளியாகப் படுத்திருந்தபோது, மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளத் தோழி கொடுத்த ஸ்பானியல் நாய்தான் ஃப்ளஷ். எஜமானியின் சோகமும் காதலும் இதில் நாயின் மூக்கு வழியாகத்தான் நமக்குத் தெரியவருகின்றன. காதலர் ராபர்ட் பிரவுனிங் வந்தபோது ஃப்ளஷுக்குப் பொறாமை தாங்கவில்லை. அவரைக் கடித்துக்கூடப் பார்த்தது.

சிரித்துக்கொண்டே கேட்டு வந்த எனக்கு ஓர் இடத்தில் ஊசி நின்றுவிட்டது. லண்டனில் அப்போது நாய்த் திருடர்களின் கும்பல் உண்டு. பணக்கார வீட்டு நாயைத் திருடி, விலை பேசி, கொடுத்தால் திருப்பித் தருவார்கள். 1846 செப்டம்பரில் ஃப்ளஷ் பறிபோயிற்று. பணம் கொடுப்பது திருட்டை வளர்ப்பதாகும் என்றார் தகப்பனார். காதலரும் அதையேதான் சொன்னார். தர்க்கப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது சரியே. ஆனால் நோயாளியாக அறைக்குள்ளேயே நாளைக் கழித்து வந்த அந்த அம்மாள், வாடகை வண்டியில் ஏறித் திருடர்கள் வாழும் சந்துக்கே போய்விட்டார்! கடைசியில் பணத்தைக் கொடுத்து நாயை மீட்டார். சில நாட்களிலே, செப்டம்பர் 12-ஆம் தேதி, தகப்பனாருக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போய் பிரவுனிங்கை மணந்துகொண்டார். ஒரு வாரத்தில் கணவரோடும் ஃப்ளஷோடும் இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார்.

நாய்க்காகத் தாண்டிய வாசற்படிதானே அடுத்த வாசற்படியையும் தாண்டும் தைரியத்தைக் கொடுத்தது? வுல்ஃப் இதை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் ஊர் வாசலில்

ஐந்தாவது, சு. தியடோர் பாஸ்கரன் எழுதி 2017-ல் வெளிவந்த ‘தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்’. தமிழ் சினிமாவின் சரித்திரத்தையும் காட்டு விலங்குகளையும் பற்றி இவர் எழுதியவற்றை நீங்கள் படித்திருக்கலாம். தமிழ்நாட்டின் தலைமைத் தபால் அதிகாரியாக இருந்தவர். நம் தேசத்து நாய்ச் சாதிகளைப் பற்றி இப்படி அக்கறையோடு எழுதியவர்கள் அபூர்வம். பாலைப் போல் வெளுத்த ராஜபாளையம், காற்றாய்ப் பறக்கும் சிப்பிப்பாறை, தேனிப் பக்கத்துக் கோம்பை எல்லாம் இதில் வருகின்றன. 2005-ல் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தலை வெளியிட்டபோது, அவற்றில் நம் ராஜபாளையமும் இடம் பெற்றது.

மணிக்கு எந்தச் சாதிப் பெயரும் கிடையாது. ஆனாலும் இந்தப் புத்தகம் வாசித்த நாட்களில் காதைத் தூக்கிக்கொண்டுதான் படுத்திருந்தார். சீமை நாய்க்குக் குளிர் அறை கட்டிக் கொடுத்துவிட்டு, இந்த வெயிலுக்கே பிறந்த நாயை விரட்டுகிறோமே என்று எனக்குத் தோன்றியது. அதே புத்தியில்தான் பாட்டியின் கைத்தறியைப் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு, நைலான் போர்வை வாங்குகிறோம்.

அக்கா போன மாதம் வந்து பத்து நாள் தங்கினாள். அம்மா புடவைப் போர்வையைத்தான் போர்த்திக்கொண்டாள். விடியற்காலையில் எட்டிப் பார்த்தேன். அவள் கால்மாட்டில், போர்வையின் ஓரத்தில், மணி சுருண்டு படுத்திருந்தார். அக்கா விழித்துத்தான் இருந்தாள்.

“மூலையிலேதானே படுத்திருக்கு, விடு” என்றாள்.

தைக்க நினைப்பவர்களுக்கு

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் சில விவரங்கள்:

போர்வைக்கு நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவைதான் சிலாக்கியம். பட்டையும் நைலானையும் அதோடு கலக்க வேண்டாம். தண்ணீரில் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது.

சாயம் போகும் புடவையா என்று தனியாக நனைத்துப் பார்த்துவிடுங்கள். பிறகு கஞ்சி போடாமல் உலர்த்துங்கள்.

பதினெட்டு முழ மடிசார் அல்ல, சாதாரணப் புடவையையே மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கிடைக்கும். மூன்று அடுக்கும் ஆகிவிட்டது! வெட்ட மனமில்லாதவர்களுக்கு இது சௌகரியம்.

அடுக்குகள் நகராமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீளத் தையலாக இணைத்துக்கொண்டு, பிறகு விரற்கடை இடைவெளியில் ஓட்டுத் தையல் போடுங்கள். கடைசியில் நீளத் தையலைப் பிரித்துவிடலாம்.

நாய் இருக்கும் வீட்டில் ஊசியும் நூலும் மூடி போட்ட டப்பாவில்தான் இருக்க வேண்டும். தைத்து முடித்ததும் ஊசிகளை எண்ணி வையுங்கள். நாய் நூலை விழுங்கி, அதன் முனை வாயிலோ பின்புறத்திலோ தெரிந்தால் பிடித்து இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும். உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கல்லூரிக்குப் போகிற பெண்ணையோ பிள்ளையையோ அரை மணி நேரம் உட்கார வைத்து, “படித்துக் கதையைச் சொல்லு” என்று கேளுங்கள். அவர்கள் இங்கிலீஷும் வளரும், உங்கள் போர்வையும் வளரும்.

படிக்க நேரமில்லை என்பது நம்மில் பலருடைய குறை. வாஸ்தவம்தான். முழுசாக ஒரு நாள் நமக்கு யார் தரப்போகிறார்கள்? கிடைப்பது துண்டும் துணுக்குமான நேரம். ஜேன் ஆஸ்டின் 1811-ல், தன் முதல் நாவல் வெளிவந்த அதே வருஷம், ஒட்டுப் போர்வைக்குத் துணித் துண்டு சேர்த்தாயிற்றா என்று அக்காவுக்குக் கடிதம் எழுதி விசாரித்திருக்கிறார். அம்மாவும் இரண்டு பெண்களுமாகத் தைத்த அந்தப் போர்வை இன்றும் சாட்டன் என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்த வீட்டில் இருக்கிறது, நாவலும் இருக்கிறது. துண்டுகளைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டும் கைகூடும்.

ஆகவே இன்று மத்தியானமே பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுங்கள். யாரையாவது பிடித்து ஒரு கதையைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாய் இல்லையே என்கிறீர்களா? அந்தக் கவலை வேண்டாம். போர்வையை வாசல் திண்ணையில் ஐந்து நிமிஷம் விரித்து வையுங்கள். அது தானாக வந்து சேரும்!